மூன்று நாள் பட்டறை

"எழுதி அனுப்பிவிட்ட சொல் நம்முடைய சொல் இல்லை, அது..." என்று என் பெரியப்பா ஒருமுறை மேடையில் பேசினார். தபால் நிலையத்தில் அவருக்கு நடந்த பணிநிறைவு விழா. அது யாருடையது என்றும் சொல்லத்தான் செய்தார். அதற்குள் யாரோ மைக்கைத் தட்டிச் சரிசெய்தார்கள், அந்தப் பாதி எனக்குக் கேட்கவில்லை. வாசிப்பவனுடையது என்றாரா, தபால்காரனுடையது என்றாரா என்று முப்பது வருடமாக யோசிக்கிறேன். அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உட்காருங்கள் சார். சான்றிதழ் சரிபார்த்து உங்கள் பெண் வெளியே வர இன்னும் அரைமணி ஆகும். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள்.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் எல்லோரும் விடுதியில் மீன் போடுவார்களா, ஓவியம் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்பார்கள். நீங்கள் ஒருவர்தான் கையேட்டை விரித்து, விரலை வைத்து, "பட்டறை வசதி உண்டுன்னு போட்டிருக்கே, நிஜமாவே உண்டா?" என்று கேட்டீர்கள். உண்டு. கொட்டகை பின்பக்கம். உங்கள் பெண் வந்ததும் அழைத்துப்போய்க் காட்டுகிறேன். 'பட்டறை வசதி உண்டு' என்ற அந்த மூன்று சொல்லுக்கும் நான்தான் பொறுப்பு. அந்த மூன்று சொல் எப்படி வந்தது என்பது பெரிய கதை. ஒரு அலுவலகத்துக்கே தமிழ் தெரியாமல் போனதால் வந்த கதை.

என் பெயர் மெய்யப்பன். பையன்கள் ஸ்காட்லாந்து சார் என்பார்கள். பத்தாவது வரை தமிழ்வழி, அப்புறம் ஆங்கிலவழி. இரண்டிலும் எனக்குப் பிழையில்லாமல் எழுத வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, கதைக்கு அது தேவைப்படுகிறது. பத்தொன்பது வருடம் அங்கே ஒரு கலைக்கல்லூரியின் உலோகப் பட்டறையில் இருந்தேன். ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு, போன வருடத்துக்கு முந்தின நவம்பரில், இங்கே சிற்பத் துறையில் வருகைதரு பயிற்றுநராக வந்தேன். தனி ஆள். வந்த அன்றே திரும்பிப் போக அக்டோபர் முப்பதுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். எதையும் முன்கூட்டியே செய்துவிடுவது என் பழக்கம்.

அங்கே எங்கள் பட்டறையில் ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்போம். சுத்தியலுக்குச் சுத்தியல் வடிவம், அரத்துக்கு அர வடிவம். மாலையில் ஒரு பார்வை பார்த்தால் எது திரும்பி வரவில்லை என்று தெரிந்துவிடும். இங்கே வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். பட்டறை கிடையாது, அதனால் சுவரும் கிடையாது. கேன்டீன் பின்சுவரில் வரைந்தேன். கருப்புப் பெயின்ட், நாற்பத்தோரு உருவம். கருவிகளைத் திறந்தவெளியில் மாட்ட முடியாதே, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டே நாளில் பார்க்கிறேன், கேன்டீன்காரர் பெரிய சுத்தியல் வடிவத்தில் அச்சாகப் பொருந்துகிற மாதிரி சாம்பார் கரண்டியை மாட்டியிருக்கிறார். ஒழுங்கு என்பது பரவும் சார். அதுதான் என் அனுபவம்.

உலை அந்தச் சுவருக்கு எதிரேதான் இருந்தது. எண்ணெய் டிரம்முக்குள் சூளைச் செங்கல் அடுக்கி, ஒரு புளோயர் வைத்துப் பிள்ளைகளே செய்தது. பழைய அலுமினியப் பாத்திரங்களை அதில் உருக்குவார்கள். உருவத்தை முதலில் தெர்மாகோலில் செதுக்க வேண்டும். அதைக் காய்ந்த மணலுக்குள் புதைத்து, உருகிய அலுமினியத்தை மேலிருந்து ஊற்றினால் தெர்மாகோல் எரிந்து மறையும், அந்த இடத்தில் உலோகம் நிற்கும். கேட்க சுலபம். ஆனால் மணல் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலில் உருகிய உலோகம் பட்டால் வெடிக்கும். நமக்கோ தேர்வு டிசம்பரில். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு. மேலே வானத்தைத் தவிர கூரை கிடையாது.

நான் வந்த வருடம் தேர்வைப் பார்த்தேன். மழை வெளுத்துவிட்டது, யாராலும் வார்க்க முடியவில்லை. இறுதியாண்டுப் பிள்ளைகள் தெர்மாகோலுக்கே வெள்ளிப் பெயின்ட் அடித்து வரிசையாக நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு யானையின் நெற்றியில் விரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. எடுக்கவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல், யானையோடு கொஞ்சநேரம் நின்றார். மதிப்பெண்ணும் அந்த ஓட்டை அளவுக்குத்தான் வந்தது.

அடுத்த இறுதியாண்டில் நஸ்ரின் என்று ஒரு பெண், நாகூர்க்காரி. அவள் செய்ய நினைத்தது ஒரு ஆடு. சும்மா ஆடு இல்லை, சுவரொட்டி தின்கிற ஆடு. உயிர் அளவு. வாயில் பாதி சுவரொட்டி தொங்கும்.

"எந்தக் கட்சிச் சுவரொட்டிம்மா?" என்று கேட்டேன்.

"ஆடு பார்த்தா சார் தின்னுது?" என்றாள்.

அந்தப் பதிலுக்கே அந்த ஆடு உலோகத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. "வாப்பா சொல்லிட்டாங்க சார். நாலு வருஷம் படிச்சதுக்குக் கையில புடிக்கிற மாதிரி ஒண்ணு காட்டு, மேல படிக்க அனுப்புறேன்னாங்க. தெர்மாகோலைக் கொண்டுபோய்க் காட்டினேன்னு வைங்க, கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்ள பேரு வெட்டிக் குடுக்கப் போன்னுடுவாங்க."

ஆகவே செப்டம்பர் கடைசியில் மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். தமிழில்தான். மூன்று வரைவு போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தவறு என் பக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் சகாயமேரி அம்மாதான் தட்டச்சு செய்தார். இப்போது உள்ளே உங்கள் பெண்ணின் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருப்பவர். நல்ல மனுஷி. ஆனால் அலுவலகத்தில் வெகுகாலம் இருந்துவிட்டதால் மொழி கொஞ்சம் தேய்ந்துவிட்டது. வரைவை வாசித்துவிட்டு, "பட்டறைக் கட்டடம்னு எழுதியிருக்கீங்களே சார். கட்டடம்னு கேட்ட கோப்பு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ அதைத் தூசி தட்டினேன். இன்னும் தட்டிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்று சொல்லி, மறுநாள் கருவி அலமாரியிலிருந்து அவருக்கு ஒரு முகமூடி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். என்னையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம், "இந்தக் கட்டடம்ங்கிற வார்த்தை வேணுமா சார்? பட்டறைன்னாலே எல்லாம் அடங்கிடுதே. கூரையையும் எடுத்துடலாம். அமைத்துத் தருமாறுன்னா யாரோ வந்து அமைச்சுத் தரணும். நடைபெறன்னு போட்டா ஓட்டமா இருக்கும்ல?" என்றார்.

எனக்கு வியப்பாகப் போய்விட்டது. உரைநடையில் தேவையில்லாத சொல்லை வெட்ட வேண்டும் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு அலுவலகத்தில் அதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. வெட்டினோம். கடைசியில் ஒரே வாக்கியம் நின்றது: 'சிற்பத் துறை மாணவர்களின் உலோக வார்ப்புப் பணி சிறப்பாக நடைபெற, பட்டறை ஒன்றுக்கு அனுமதி வேண்டுகிறேன்.' ஒரே மூச்சில் வாசிக்கலாம். இன்றைக்கும் அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

ஒன்பதாம் நாள் ஆணை வந்துவிட்டது. ஒன்பதே நாள்! முதல்வர் அறைக்குள் ஓடினேன். முதல்வர் வேதரத்தினம் ஓவியர், நிதானமான மனிதர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்: 'மேற்படி கல்லூரியில் மூன்று நாள் பட்டறை நடத்திக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது. பட்டறையின் தலைப்பு, கருத்தாளர் பெயர், பங்கேற்பாளர் பட்டியல், தொடக்க விழா, நிறைவு விழா நிழற்படங்கள்...'

புரிகிறதா சார்? நான் கேட்டது பட்டறை. அவர்கள் கொடுத்தது பட்டறை. கவிதைப் பட்டறை, கதைப் பட்டறை, தலைமைப் பண்புப் பட்டறை என்று நடத்துகிறார்களே, பேட்ஜ் குத்தி, மதியம் தயிர்சாதம் போட்டு, அந்தப் பட்டறை!

"நடத்துங்க மெய்யப்பன். பொன்னாடை நான் பாத்துக்கிறேன்" என்றார் முதல்வர்.

எனக்கு வந்த கோபத்துக்கு உடனே விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பட்டறை என்ற சொல்லின் பொருள் என்ன, எத்தனை நூற்றாண்டாக என்ன பொருளில் வருகிறது என்று ஆறு பக்கம். சகாயமேரி அம்மா அதை வாங்கி, மிகவும் பத்திரமாக ஒரு கோப்பில் வைத்தார். "இது அப்புறம் போகட்டும் சார். முதல்ல தலைப்புக் கேட்டிருக்காங்க, இன்னிக்கே அனுப்பணும். நீங்கதான் வைக்கணும். உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும்."

"என்ன தலைப்பு வேண்டிக் கிடக்கிறது? பட்டறை அமைப்பது எப்படி என்று வையுங்கள்!" என்று கத்தினேன். கேலியாகத்தான் சொன்னேன்.

அந்தம்மாவுக்குக் கேலி புரியாது. அப்படியே எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, "செய்முறைப் பயிற்சி உண்டுதானே சார்? அப்போ பயிற்சிப் பொருள்னு இரும்புக் குழாய், தகடு, சிமென்ட் எல்லாம் போட்டுடறேன். தற்காலிகக் கொட்டகைன்னு ஒரு வரி சேர்த்துடறேன்" என்றார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. பட்டறை அமைப்பது எப்படி என்று மூன்று நாள் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், ஒரு பட்டறையை அமைத்துத்தானே காட்ட வேண்டும்? சொன்னேன். "அடடா" என்றார் சகாயமேரி அம்மா. "இது எனக்குத் தோணவே இல்லையே சார்."

தோன்றாது. இதற்கெல்லாம் வெளியே போய் நாலு இடம் பார்த்திருக்க வேண்டும்.

அக்டோபர் பதினான்கு, தொடக்க விழா. வாசலில் ஃபிளெக்ஸ்: 'பட்டறை அமைப்பது எப்படி: மாபெரும் மூன்று நாள் பட்டறை.' கருத்தாளர் திரு. கலியமூர்த்தி. டிராக்டருக்கு டிரெய்லர் கட்டுகிறவர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் வெல்டிங் கடை. வெள்ளைச் சட்டை போட்டு அழைத்துவந்திருந்தோம். முதல்வர் பொன்னாடை போர்த்தினார், மைக்கைக் கையில் கொடுத்தார்.

கலியமூர்த்தி மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கருத்தாளர்னு போட்டிருக்கீங்க. கருத்தெல்லாம் எங்கிட்ட கிடையாது சார். ராடு இருக்கு. பத்த வைக்கட்டுமா?" என்றார்.

அவ்வளவுதான் தொடக்க உரை. நான் கேட்டதிலேயே நல்ல உரை அதுதான். பொன்னாடையை மடித்துத் தலையில் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். இறுதியாண்டுப் பிள்ளைகள் பதினொரு பேரும் அவர் பின்னால். அன்று மாலைக்குள் பன்னிரண்டு தூண் நின்றது. "யம்மா, கண்ணாடி போடாமப் பாக்காத, ராத்திரி பூரா கண்ணுல மணல் கொட்டும்" என்று ஒரு பெண்ணை அதட்டுவார். "தம்பி, நீ ஓவியந்தானே படிக்கிற? கோடு கோணலாப் போவுது?" என்று ஒரு பையனைக் குத்துவார். நான் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து மேற்பார்வை பார்த்தேன். இடையிடையே பாதுகாப்பு விதிகளை வாசித்தேன். வெல்டிங் சத்தத்தில் அவர்கள் எவ்வளவு கவனமாகக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் கூரைத் தகடு ஏறியது. கேன்டீன் பின்சுவர்தான் கொட்டகைக்கு ஒரு பக்கச் சுவர். உலை உள்ளே வந்தது. மணல் பெட்டி உள்ளே வந்தது.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்தது பாருங்கள். தகட்டுமேல் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. எல்லோரும் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நஸ்ரின் மணல் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள், விரல் சந்து வழியாக விட்டாள். பொலபொலவென்று கொட்டியது.

"ஊத்தலாமா சார்?"

நிறைவு விழாவை மறந்துவிட்டு ஊற்றினோம். அலுமினியம் உருக்கிய மூசைப் பாத்திரம் செக்கச்செவேலென்று வெளியே வந்தது, இரண்டு பேர் இடுக்கியில் பிடித்துச் சாய்த்தார்கள். புகை அடங்கி, மணலைத் தள்ளி எடுத்தால், ஆட்டின் தலை. ஒரு கொம்பு நுனிவரை உலோகம் போகவில்லை, மொட்டையாக நின்றது. வாயும், வாயில் தொங்கும் காகிதமும் அப்படியே வந்துவிட்டன, மடிப்பு உட்பட. நஸ்ரின் அந்தத் தலையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சூடு ஆறவில்லை, கீழே வை என்றால் கேட்கவில்லை. "மொட்டைக் கொம்பும் நல்லாத்தான் இருக்கு. யாருகிட்டயோ சண்டைக்குப் போயிட்டு வந்திருக்கு" என்றார் கலியமூர்த்தி. அவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். யாரும் கூப்பிடவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தேன் என்றார்.

ஆனால் தலை மட்டும்தானே வந்திருக்கிறது? உடல் பாக்கி, நான்கு கால் பாக்கி, வால் பாக்கி. மற்ற பத்துப் பிள்ளைகளுடையது மொத்தமும் பாக்கி. ஒரு நாளைக்கு ஒரு வார்ப்புதான் முடியும். இன்னும் ஐந்து வாரமாவது கொட்டகை வேண்டும்.

ஆணையில் ஏழு நிபந்தனை இருந்தது. நான் ஏழையும் வாசித்திருந்தேன், மற்றவர்கள் வாசித்திருப்பார்களா தெரியாது. ஐந்தாவது: பட்டறை முடிந்த ஏழு நாளுக்குள் தற்காலிகக் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும். ஆறாவது: பட்டறை முடியும்வரை பொறுப்பாளர் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது.

சகாயமேரி அம்மாவிடம் ஐந்தாவதைக் காட்டினேன். "தற்காலிகம்னு வச்சதுதான் சார் நிக்கும். நானே இங்க தற்காலிகமா வந்தவதான். இருபத்தாறு வருஷமாச்சு" என்று பேச்சை எங்கோ கொண்டுபோய்விட்டார். விதியைப் பற்றிக் கேட்டால் சொந்தக்கதை. அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு நல்ல தமிழ் அகராதி வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், வாங்கியும் கொடுத்தேன். ரொம்ப உபயோகமாக இருக்கிறது என்றார். உள்ளே போனால் பாருங்கள், மேஜைமேல் கோப்புகளின் உச்சியிலேயே வைத்திருக்கிறார். மின்விசிறி சுற்றும்போதுகூட எடுப்பதில்லை.

இருபத்திரண்டாம் தேதி மேலிடத்திலிருந்து ஒரு அலுவலர் வந்தார், நிறைவுப் படிவத்தில் கையெழுத்து வாங்க. இனிமையான மனிதர். மழையில் நனைந்திருந்தார், மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். முதல்வர் அறையில் டீ கொடுத்தோம். படிவத்தை என்முன் வைத்தார். தொடங்கிய நாள், முடிந்த நாள், பொறுப்பாளர் கையொப்பம். மூன்றே கட்டம்.

பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு படிவத்தில் பொய் எழுதியது கிடையாது சார். சாணைக்கல் எத்தனை மணிக்குச் சுற்றியது என்பதைக்கூடச் சரியாக எழுதியிருக்கிறேன். நிறைவு விழா நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்று நாள் என்று ஆணையில் இருப்பதும் உண்மை. சட்டைப்பையில் டிக்கெட் தாள் இருந்தது, எட்டு நாளில் பயணம். ஸ்காட்லாந்துக் கல்லூரியிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது, நவம்பர் ஒன்றாம் தேதி வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று.

"என்ன சார் யோசனை? மூணு நாள்னா பதினாறாந் தேதிதானே?" என்றார் அலுவலர்.

பின்பக்கமிருந்து கிரைண்டர் சத்தம் கேட்டது. கூடவே கலியமூர்த்தி யாரையோ திட்டுகிற சத்தம். அலுவலர் தலையைத் திருப்பினார். "அது என்ன சத்தம்?"

முதல்வர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "பட்டறை நடக்குது" என்றார்.

அலுவலர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "முடியலேன்னா பொறுப்பாளர் ஊரைவிட்டுப் போகக் கூடாது, நிபந்தனை இருக்கு. தெரியும்ல?" என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை. தெரியுமா என்று கேட்டார், அவ்வளவுதான்.

சகாயமேரி அம்மா பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "முடிஞ்சுதா இல்லையான்னு நீங்கதான் சார் போடணும். எனக்கு அவ்வளவு தமிழ் தெரியாது."

கதவருகே நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையெல்லாம் மணல். "சார், மணல் காஞ்சிருக்கு. முன்னங்காலைப் பொதைக்கட்டுமா?" என்றாள்.

தொடங்கிய நாள் என்ற கட்டத்தில் அக்டோபர் பதினான்கு என்று எழுதினேன். முடிந்த நாள் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.